விராலும் வேண்டும், கெண்டையும் வேண்டும்

செஞ்சிக் கோட்டையைச் சூழ்ந்துள்ள ஏரிகள் பல, கோடையில் வறண்டு வெடித்துக் கிடப்பதைக் கண்டிருப்பீர்கள். வடகிழக்குப் பருவமழையில் அவை நிரம்பியதும், மீன் குத்தகை எடுத்தவர் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விலைக்கு வாங்கி விடுகிறார். மாதங்கள் கழித்து வலை வீசினால், விட்டவற்றுள் பெரும்பகுதி அகப்படுவதில்லை. போட்ட முதல் எங்கே போயிற்று?

விடை ஏரிச் சேற்றிலேயே உள்ளது. நீர் வற்றும்போது கெண்டை இனங்கள் மடிந்துபோகும். விராலோ ஈரச் சேற்றில் புதைந்து உயிர் தாங்கும். காற்றை நேரே உட்கொள்ளும் உறுப்பு அதற்கு உண்டு. புதுவெள்ளம் வந்ததும் அது பசியோடு எழுகிறது. நாம் விடும் சின்னஞ்சிறு குஞ்சுகள் அதற்கு இரையாகின்றன. ஆற்று நீர் பாயும் ஏரியாயின், பெருவாயுடைய வாளையும் உடன் வந்து சேரும்.

அங்ஙனமாயின் விராலை அடியோடு ஒழித்துவிடலாமே எனத் தோன்றும். அதுவும் தவறாகும். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டையைப் பாருங்கள். தாய்மீன் முட்டைகளை வாயிலேயே அடைகாப்பதால் குஞ்சுகள் எளிதில் அழிவதில்லை. ஆண்டில் பலமுறை பெருகும். தின்பதற்கு எவரும் இல்லாவிடில் ஏரி முழுதும் அவையே நிறைந்து, உணவு போதாமல் எல்லாம் சிறுத்துப்போகும். எண்ணிக்கை மிகும்; எடை மிகாது. அக்குஞ்சுகளைத் தின்று கூட்டத்தைக் குறைப்பது விராலே.

எனவே செய்யத்தக்கது யாது? மழைக்கு முன் தேங்கிய குட்டைகளில் பெரிய விரால்களைப் பிடித்துவிட வேண்டும். நீர் வரும் மதகில் வலை கட்ட வேண்டும். நுண்குஞ்சுகளை விடாது, ஏறத்தாழ 10 செ.மீ. வளர்ந்த குஞ்சுகளையே விட வேண்டும். வேட்டை மீனின் வாய்க்கு அடங்காத அளவே அவற்றுக்குக் காவல்.

வேட்டை மீன் எதுவாயினும் நன்று என்பதன்று. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பை 2000-ஆம் ஆண்டில் அரசு தடை செய்தது. குளத்திலிருந்து தப்பினால், அது நாட்டு மீன்களைத் தின்று தீர்க்கும் என்பதே அச்சம்.

பிறர் குஞ்சுகளை விழுங்கும் விரால், தன் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தை மட்டும் கண்ணிமைபோல் காத்து நிற்கும். அவ்வேளையில் தாய் தந்தையைத் தூண்டிலிட்டால் அக்கூட்டம் முழுதும் பிறவற்றுக்கு இரையாகும். ஏரியின் வளம் ஓருயிரை ஒழிப்பதால் வருவதன்று. ஒவ்வொன்றையும் அதனதன் அளவில் நிறுத்துவதால் வருவது.