திரைக்குப் பின்னே ஆட்சி மாற்றம்

லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் 40 ஆண்டு முதியவர் விடைபெறுகிறார். பதிலுக்கு வந்தவர் பக்குவமடையவே 15 ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

பெங்களூரு சாஃப்ட்வேர்காரர்களுக்குப் பழக்கமான காட்சி: உபுண்டு லாகின் திரையின் மூலையில் ஒரு பட்டியல். வேலண்டா, எக்ஸா என்று அதில் தேர்ந்தெடுக்கலாம். 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10-ல் அந்தத் தேர்வு போய்விட்டது. அதற்கு முன்பே, மே மாதம் வெளியான ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 10-ல் எக்ஸ் சர்வருக்கே இடமில்லை.

எக்ஸ் 1984-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பிறந்தது. இப்போதுள்ள எக்ஸ்11 வடிவம் 1987-ல் வந்தது. எங்கோ இருக்கும் பெரிய கம்ப்யூட்டரில் ஓடும் புரோகிராமை மேஜைத் திரையில் காட்டுவதற்கான ஏற்பாடு அது. நடுவில் நிற்கும் தரகர். ஆனால் இந்தத் தரகருக்கு ரகசியம் காக்கத் தெரியாது. ஒரு ஜன்னலில் தட்டும் பாஸ்வேர்டை இன்னொரு ஜன்னல் ஒட்டுக்கேட்கலாம்.

ரெட் ஹாட் பொறியாளர் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் 2008-ல் மாற்று வழி தேடினார். யோசனை பிடிபட்டபோது அவர் கடந்துகொண்டிருந்த மாசசூசெட்ஸ் ஊரின் பெயரே அதற்கு வாய்த்தது: வேலண்ட். இது புரோகிராம் அல்ல, ஒப்பந்தம். ஒவ்வொரு புரோகிராமும் தன் படத்தைத் தானே வரைந்து கொடுக்கும். தொகுப்பி அவற்றை அடுக்கித் திரையில் காட்டும். ஒருவர் ஜன்னலை இன்னொருவர் எட்டிப்பார்க்க முடியாது. 1.0 பதிப்பு 2012 அக்டோபரில் வந்தது.

சிக்கலும் அங்கேதான். திருடனுக்குச் சாத்திய கதவு வீட்டுக்காரனையும் தடுத்தது. தமிழ்99 முறையில் 'க'வைத் தட்டி 'இ'யைத் தட்டினால் 'கி' வரவேண்டும். அதற்கு விசையையும் ஜன்னலையும் இணைக்க நடுவில் ஒருவர் வேண்டும். எக்ஸில் அது இயல்பாக நடந்தது. வேலண்டில் தனி ஒப்பந்தம் எழுத வேண்டியிருந்தது. க்னோம் பயன்படுத்துவோருக்குப் பிரச்சினை குறைவு. கே.டி.இ.யில் அமைப்புகளுக்குள் போய்த் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பார்வையற்றோர் காத்திருந்தது இன்னும் அதிகம். ஃபெடோரா 25 வேலண்டை இயல்பாக்கியது 2016-ல். திரையை வாசித்துச் சொல்லும் ஓர்காவின் விசைக் கட்டளைகளுக்குச் சரியான வழி பிறந்ததோ, 2025 மார்ச்சில் வந்த க்னோம் 48-ல். எட்டு ஆண்டுகளுக்கு மேல்! பக்குவம் என்பதை யாருடைய நாற்காலியில் உட்கார்ந்து அளக்கிறோம் என்ற கேள்வி எழத்தான் செய்யும்.

தாமதத்துக்குக் காரணம் சோம்பல் அல்ல. முக்கிய ஒப்பந்தங்களுக்குப் பலரின் சம்மதம் தேவை. உறுப்பினர் ஒருவர் மறுத்தாலே முடங்கும். ஒளியும் நிறமும் கூடிய ஹெச்.டி.ஆர். படங்களின் கதை இதற்கு உதாரணம். இன்டெல்லின் பெங்களூருப் பொறியாளர்கள் உழைத்த கெர்னல் பகுதி 2019-லேயே லினக்ஸில் சேர்ந்துவிட்டது. நிறங்களைப் பற்றி புரோகிராமும் தொகுப்பியும் பேசிக்கொள்ளும் வேலண்ட் ஒப்பந்தமோ, ஐந்தாண்டு விவாதத்துக்குப் பிறகு 2025 பிப்ரவரியில்தான் ஏற்கப்பட்டது. என்விடியா கார்டுகளில் படம் தடுமாறிய தொல்லைக்கு 2024-ல் மருந்து கிடைத்தது.

இந்தியாவின் முதல் கே.டி.இ. மாநாடு 2011 மார்ச்சில் பெங்களூரு ஆர்.வி. பொறியியல் கல்லூரியில் நடந்தபோது, வேலண்ட் இன்னும் பரிசோதனைக் குழந்தைதான். கே.டி.இ. அதை இயல்பான தேர்வாக்கியது 2024 பிப்ரவரியில், பிளாஸ்மா 6-ல். அன்று முதலாண்டு மாணவராக வந்திருந்தவர் இன்று முப்பதைக் கடந்திருப்பார்.

முதியவர் முழுதாக மறையவில்லை. பழைய புரோகிராம்களுக்காக எக்ஸ்வேலண்ட் என்ற பெயரில் புதிய வீட்டுக்குள்ளேயே ஓர் அறை ஒதுக்கியிருக்கிறார்கள். பழைய, மெலிந்த கம்ப்யூட்டர்களில் விரும்பப்படும் எக்ஸ்.எஃப்.சி.இ., 2024 டிசம்பரில் வந்த 4.20 பதிப்பில் வேலண்டைப் பரிசோதனையாக மட்டுமே ஏற்றது.