ஆணா, பெண்ணா?

பிள்ளை பிறந்ததும் லயத்தில் எழும் முதல் கேள்வி, "ஆணா, பெண்ணா?" என்பதுதான். சில வேளைகளில் தாதிக்கே விடை தெரியாது. உடனே, "யார் விட்ட சாபமோ!" என்று தாயை ஏசுவோர் உண்டு. சாபமுமில்லை, பாவமுமில்லை, அன்பர்களே!

கருவில் ஏறத்தாழ 6 வாரம்வரை ஆண், பெண் இருபாலாருக்கும் உறுப்புகள் ஒரே வடிவில்தான் இருக்கும். பிறகே மரபணுவும் ஹார்மோன்களும் அவற்றைப் பிரிக்கின்றன. சிறுநீரகத்தின்மேல் தொப்பிபோல் அமர்ந்துள்ள அட்ரீனல் சுரப்பியில் பிறவிக் குறை இருந்தால், ஆண்தன்மை தரும் ஹார்மோன் மிகுந்துவிடும். அப்போது கருப்பையுள்ள பெண் குழந்தையும் வெளிப்பார்வைக்கு ஆண்போலத் தோன்றக்கூடும்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. இப்பிள்ளைகள் பலருக்கு உடலின் உப்பு சிறுநீரில் வெளியேறிவிடும். சில வாரங்களுக்குள் வாந்தி, எடைக்குறைவு, சோர்வு என்று வந்து உயிருக்கே உலை வைக்கும். ஆகவே, வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். இரத்தத்தைச் சோதித்துக் கண்டறிவார்கள். நாள் தவறாமல் மருந்து கொடுத்தால் பிள்ளை நலமாக வாழும்.

இக்குறை தாய், தந்தை இருவர் வழியாகவும் வருவது. ஒருவரை மட்டும் பழிப்பது அறியாமை. வளர்ந்தபின் தன்னை ஆணென்றோ பெண்ணென்றோ உணர்வது பிள்ளையின் மனம். கேலி பேசாமல் அணைத்துக்கொள்வது நம் கடமை.

பெயர் வைக்கப் பொறுத்திருக்கலாம். வைத்தியத்துக்குப் பொறுத்திருக்க முடியாது.