குரலை இழந்தவர் மீண்டும் பேசினார்

நோய் வந்து வைத்தியசாலையில் இருந்த ஒருவர் சுகமாகி வீடு திரும்பியதும் எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறோம். ஆனால் அவருக்கு அதன் பின்னர்தான் இன்னொரு சோதனை தொடங்குகிறது. பழைய வேலையைச் செய்ய உடல் இடம்கொடுக்குமா? அங்கே எனக்கு இன்னும் இடம் இருக்கிறதா? மற்றவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்களா? இந்தக் கேள்விகளுக்குப் பயந்தே பலர் வீட்டின் மூலைக்குள் ஒதுங்கிவிடுகிறார்கள். வேறு சிலர் அவசரப்பட்டு வேலைக்கு ஓடி, நோயைக் கூட்டிக்கொள்கிறார்கள்.

இந்த இரண்டு வழிகளுக்கும் நடுவே மூன்றாவது வழியொன்று உண்டு என்பதை அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு முதியவரின் அனுபவம் காட்டுகிறது. அவர் பெயர் டிக் வைட்டேல். கல்லூரிக் கூடைப்பந்தாட்டப் போட்டிகளைத் தொலைக்காட்சியில் வர்ணனை செய்பவர். உரத்த குரலும் குழந்தையைப் போன்ற உற்சாகமும் அவரது அடையாளங்கள்.

வேலை இழந்தவருக்குக் கிடைத்த வேலை

1939ஆம் ஆண்டு நியூஜேர்சி மாநிலத்தில் பிறந்த வைட்டேல், சிறுவயதில் பென்சில் குத்தியதால் இடது கண்ணின் பார்வையை இழந்தவர். பின்னர் கூடைப்பந்தாட்டப் பயிற்றுவிப்பாளராக உயர்ந்தார். 1979 நவம்பரில் டெட்ரோயிட் பிஸ்ரன்ஸ் அணி அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. மனமுடைந்து வீட்டிலிருந்த அவரை, அப்போதுதான் ஆரம்பிக்கப்பட்டிருந்த ஈ.எஸ்.பி.என். என்னும் விளையாட்டுத் தொலைக்காட்சி வர்ணனை செய்ய அழைத்தது. அவருக்கோ மீண்டும் பயிற்றுவிப்பாளராக வேண்டும் என்பதே விருப்பம். போய்ச் செய்துபாருங்கள் என்று ஊக்கப்படுத்தியவர் மனைவி லொரெய்ன். 1979 டிசம்பர் 5ஆம் திகதி முதல் போட்டியை வர்ணித்தார். அந்தத் தொழிலே அவரது வாழ்க்கையாகிவிட்டது.

நான்கு தடவை வந்த நோய்

2021ஆம் ஆண்டு, 82 வயதில் சோதனை ஆரம்பித்தது. முதலில் மெலனோமா எனப்படும் தோல் புற்றுநோய்க்காகச் சத்திரசிகிச்சை நடந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் லிம்போமா எனப்படும் நிணநீர்த்தொகுதிப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. அவர் அதை மறைக்கவில்லை. தனக்கு என்ன நோய், என்ன சிகிச்சை என்பதை வெளிப்படையாகவே அறிவித்தார்.

இரசாயன சிகிச்சை நடந்துகொண்டிருந்தபோதே, வைத்தியர்களின் அனுமதியுடன் 2021 நவம்பர் 23ஆம் திகதி ஒரு போட்டியை வர்ணிக்க வந்தார். நிகழ்ச்சி தொடங்கியதும் பேச முடியாமல் கண்ணீர்விட்டார். பார்த்துக்கொண்டிருந்தவர்களும் அழுதார்கள்.

அடுத்த இடி தொண்டையில் விழுந்தது. குரல்நாண்களில் புற்றுநோய்க்கு முந்திய மாற்றங்கள் காணப்பட்டன. பேச்சை நிறுத்த வேண்டும் என்று வைத்தியர்கள் கூறினார்கள். 2022இல் பொஸ்டன் நகரில் குரல்நாண் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. 2023இல் அதே குரல்நாணில் புற்றுநோய் உறுதியானது. அதற்காக 35 தடவை கதிர்வீச்சு சிகிச்சை பெற்றார். 2024இல் கழுத்திலுள்ள நிணநீர்க் கணுவில் மீண்டும் புற்றுநோய் வந்தது. மறுபடியும் சத்திரசிகிச்சை.

பேச்சையே தொழிலாகக் கொண்ட மனிதர், சொல்ல நினைத்ததை வெள்ளைப் பலகையில் எழுதிக்காட்டி நாட்களைக் கழித்தார். முழுமையான குரல் ஓய்வு என்றால் இரகசியக் குரலில் கதைப்பதும் கூடாது. அவர் அதற்குக் கட்டுப்பட்டார்.

பிற்போடப்பட்ட திரும்புதல்

2024 டிசம்பரில், புற்றுநோயின் அறிகுறி இல்லை என்ற நற்செய்தி கிடைத்தது. 2025 ஜனவரி 25ஆம் திகதி மீண்டும் வர்ணனைக்கு வருவதாக ஏற்பாடாகியது. ஆனால் அதற்கு முன் வீட்டில் விழுந்து காயப்பட்டார். அந்தத் திகதியைக் கைவிட்டார். இரண்டு கிழமை பொறுத்து, பெப்ரவரி 8ஆம் திகதி, டியூக் பல்கலைக்கழகமும் கிளெம்சன் பல்கலைக்கழகமும் மோதிய போட்டியில் ஒலிவாங்கியின் முன் அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது 85. வர்ணனை மேசையை விட்டு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. கிளெம்சன் 77 - 71 என்று வென்றது. பலருக்கு அன்றைய பெரிய செய்தி அந்தக் குரல் மீண்டும் கேட்டதுதான்.

நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது என்ன?

சகோதரிகளே, அவர் பணவசதி உள்ளவர், சிறந்த வைத்தியர்களை நாடக்கூடியவர், எங்கள் நிலை அப்படியா என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அவருக்காக அவரது நிறுவனம் இடத்தை விட்டுவைத்திருந்தது. நம்மில் பலர் ஒரு நாள் கூலிக்குப் போகாவிட்டால் அன்றைய அடுப்பு எரியாது.

டல்கொட் பார்சன்ஸ் என்ற சமூகவியலாளர் 1951இல் நோயாளியின் வகிபாகம் பற்றி எழுதினார். நோயுற்றவருக்கு வழமையான கடமைகளிலிருந்து விடுப்பு உண்டு. அதேவேளை, தகுந்தவரிடம் சிகிச்சை பெற்றுக் குணமடைய முயல்வது அவரது பொறுப்பு என்றார். குடும்பத்தைத் தனியாகத் தாங்கும் பெண்ணிடம் பொறுப்பு மட்டுமே இருக்கிறது, விடுப்பு கிடைப்பதில்லை. அதனால்தான் வலியை ஒளிக்கிறோம். பிள்ளையின் பரீட்சை முடியட்டும், அறுவடை முடியட்டும் என்று நாளைத் தள்ளிப்போடுகிறோம். சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் பின்னர் வேலையையும் சேர்த்து இழக்க நேரிடலாம்.

வைட்டேலின் திரும்புதலில் பணத்தால் வாங்க முடியாத சில விடயங்கள் உள்ளன. நோயை மூடிவைக்காமல் சொன்னார். ஓய்வை வெட்கமாக நினைக்கவில்லை. குறித்த நாளில் முடியாதபோது, முடியாது என்று சொல்லி இன்னொரு நாளைக் குறித்தார். இவற்றை நாமும் செய்யலாம். உங்கள் வீட்டில், சங்கத்தில், தையல் நிலையத்தில் ஒரு பெண் சிகிச்சைக்குப் பின் திரும்பி வந்தால், அவளது கதிரையை இன்னொருவருக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஆரம்பத்தில் பாதி நாள் வேலை, பாரம் தூக்காத வேலை கொடுங்கள். அதுவே அவளுக்கு நல்ல மருந்து.

குரலைக் கவனியுங்கள்

முன்பள்ளி ஆசிரியைகள், சந்தையில் கூவி விற்பவர்கள், கூட்டங்களில் பேசுபவர்கள் எல்லோரும் குரலால் உழைப்பவர்கள். தொண்டை கரகரப்பு மூன்று கிழமைக்கு மேல் நீடித்தால், விழுங்கும்போது வலித்தால், கழுத்தில் கட்டி தென்பட்டால், கைவைத்தியம் செய்துகொண்டிராமல் அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அங்கிருந்து காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணரிடம் அனுப்புவார்கள். புற்றுநோய்ச் சிகிச்சை தேவைப்பட்டால் மகரகமவிலும் தெல்லிப்பழையிலும் அரச வைத்தியசாலைகள் உள்ளன. அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்.

கரகரப்பு எல்லாம் புற்றுநோயல்ல. பெரும்பாலும் தடிமனாகவோ களைப்பாகவோ இருக்கும். பார்த்துத் தெரிந்துகொண்டால் அன்றிரவு நிம்மதியாக உறங்கலாம். தனியே போகத் தயக்கமென்றால் அயல்வீட்டு அக்காவையோ சங்கத் தோழியையோ கூட்டிச் செல்லுங்கள். இந்தக் கிழமையே போங்கள்.