எந்த இலை சிவந்தது?

போன ஆடியில், குற்றாலம் சாலையோரத்தில் செடி விற்பவரிடம் என் மகள் ஒரு ஸ்ட்ராபெரிச் செடி வாங்கினாள். இலஞ்சியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், கைப்பிடிச் சுவர் ஓரமாகத் தொட்டியில் வைத்தோம். சாரல் விடாமல் அடித்த காலம். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் இலைக்காம்புகள் சிவந்திருந்தன. அடியில் இருந்த இலைகளின் ஓரம் கருஞ்சிவப்பாக மாறியிருந்தது.

புளியங்குடியில் எலுமிச்சைத் தோட்டம் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரிடம் போனில் கேட்டேன்.

“செடி செவந்து போச்சு அண்ணாச்சி, என்ன உரம் போட?”

“உரம் கெடக்கட்டும். எந்த எல செவந்திருக்கு? கொழுந்தா, நடு எலயா, அடி எலயா? அத முதல்ல பாத்துச் சொல்லும்.”

தாவர மருத்துவம் படித்தவர்களும் முதலில் கேட்பது இதைத்தான். இலையின் வயதுக்குத் தமிழில் தனித்தனிப் பெயர்கள் உண்டு: கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு. நிறம் மாறிய செடியைப் புரிந்துகொள்ள இந்த ஐந்து சொற்கள் போதுமான தொடக்கம். கொழுந்து சிவப்பது ஒரு கதை, பழுப்பு சிவப்பது வேறு கதை. நடுப்பருவத்து இலை சிவந்தால்தான் நாம் குனிந்து பார்க்க வேண்டும்.

மஞ்சள் வெளிப்படும், சிவப்பு உண்டாகும்

இலையின் பச்சைக்குக் காரணம் பச்சையம். அதன் ஒவ்வொரு மூலக்கூறின் நடுவிலும் ஒரு மக்னீசியம் அணு உட்கார்ந்திருக்கிறது. பச்சையம் உள்ளிட்ட தாவர நிறமிகளை ஆராய்ந்ததற்காக ஜெர்மானிய வேதியியலாளர் ரிச்சர்ட் வில்ஸ்டேட்டர் 1915-இல் நோபல் பரிசு பெற்றார்.

அதே இலைக்குள், பச்சைக்குப் பின்னால் மறைந்தபடி, கரோட்டினாய்டுகள் என்ற மஞ்சள் நிறமிகளும் இருக்கின்றன. பச்சையம் சிதைந்ததும் இந்த மஞ்சள் கண்ணுக்குத் தெரிகிறது. பூவரச இலை பழுக்கும்போது புதிதாக எந்த மஞ்சளும் அதில் சேர்வதில்லை. ஏற்கெனவே இருந்ததுதான் வெளிப்படுகிறது.

சிவப்பு அப்படியல்ல. பெரும்பாலான செடிகளில் சிவப்பையும் ஊதாவையும் தருவது ஆந்தோசயனின். செடி தன் சர்க்கரையைச் செலவழித்து இதைப் புதிதாகத் தயாரிக்கிறது. தயாரித்து, செல்லுக்குள் நீர் நிறைந்த பையில் கரைத்து வைக்கிறது. 1835-இல் இந்தப் பெயரைச் சூட்டியவர் லுட்விக் மார்க்குவார்ட். கிரேக்க மொழியில் ‘பூ’, ‘நீலம்’ என்ற இரண்டு சொற்களைச் சேர்த்தார். பள்ளிக்கூடத்தில் செம்பருத்திச் சாற்றில் எலுமிச்சை பிழிந்தால் அடர்சிவப்பும், சோப்பு நீரை ஊற்றினால் பச்சையும் வந்ததே, அது ஆந்தோசயனின் காட்டிய வேலை. ஸ்ட்ராபெரிப் பழத்தின் சிவப்பும் இதே குடும்பம்.

எல்லாச் சிவப்பும் இது என்று எண்ணிவிடக் கூடாது. செந்தண்டுக்கீரையிலும் கொடிப்பசலையின் சிவந்த தண்டிலும் பீட்ரூட்டிலும் இருப்பது பீட்டலைன் என்ற வேறொரு நிறமி. ஆந்தோசயனினும் பீட்டலைனும் ஒரே செடியில் சேர்ந்து இருப்பதில்லை. கீரைத்தண்டு சிவப்பாக இருப்பது அதன் பிறவி நிறம். அதற்கு வைத்தியம் தேவையில்லை.

ஆகவே, மஞ்சள் என்றால் ஏதோ போயிருக்கிறது என்று பொருள். சிவப்பு என்றால் செடி ஏதோ செய்திருக்கிறது என்று பொருள். எதற்காகச் செய்தது என்பதுதான் கேள்வி.

தளிரின் சிவப்பு

மாசி, பங்குனியில் குற்றால மலையை அண்ணாந்து பார்த்தால் பச்சைக்கு நடுவே ஆங்காங்கே செம்புத் தகடு அடித்ததுபோல் மரங்கள் தெரியும். பூத்திருக்கிறது என்று தூரத்தில் தோன்றும். கிட்டே போனால் தளிர். நாங்கு மரத்தின் புதுத்தளிர் ரத்தச் சிவப்பு. அரசந்தளிர் இளஞ்செம்பு. மாந்தளிர் நிறம் என்று நாம் புடவைக்கே பெயர் வைத்திருக்கிறோம்.

வாசனைப் பயிர்களும் இதற்கு விலக்கல்ல. சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் கிழக்கிந்திய கம்பெனி குற்றாலத்தில் கிராம்பு, ஜாதிக்காய், இலவங்கப்பட்டைத் தோட்டங்களைப் போட்டது. இலவங்கப்பட்டை மரம் துளிர்க்கும்போது மரமே சிவந்து நிற்கும். கிராம்புத் தளிர் இளஞ்சிவப்பு.

1830-களில் குற்றாலத்தில் செடிகள் திரட்டியவர் ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். தாவரவியலுக்கு ஒரு தீராத சிக்கல் உண்டு. தாளில் வைத்து அழுத்திக் காயவைத்த செடியில் நிறம் தங்காது. சிவந்த தளிரும் சில மாதங்களில் பழுப்பேறிவிடும். உயிருள்ள செடியைப் பார்த்து வரைய ஓவியர் வேண்டும். வைட்டுக்கு அப்படி வாய்த்தவர்கள் ரங்கையாவும் கோவிந்துவும். 1838 முதல் 1853 வரை வெளிவந்த அவருடைய தென்னிந்தியத் தாவரப் படத்தொகுதிகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களைக் கொண்டவை. அவற்றில் பெரும் உழைப்பு இந்த இரண்டு இந்திய ஓவியர்களுடையது.

தளிர் ஏன் சிவக்கிறது? ஒரு மாந்தளிரைக் கையில் எடுத்துப் பாருங்கள். துணிபோலத் துவண்டு தொங்கும். உணவு தயாரிக்கும் பட்டறை அதற்குள் இன்னும் முழுதாக அமையவில்லை. அந்த நிலையில் தென்காசி வெயில் முழுவதும் அதன்மேல் விழுந்தால் செல்கள் கெட்டுப்போகும். ஆந்தோசயனின், நீல ஒளியிலும் பச்சை ஒளியிலும் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொண்டு உள்ளே இருப்பதற்கு நிழல் தருகிறது. தளிர் துவண்டு தொங்குவதும் நேர்வெயிலைத் தவிர்க்கத்தான் உதவுகிறது.

இன்னொரு விளக்கமும் உண்டு. வெப்பமண்டலக் காடுகளில் இலையைப் பூச்சிகள் அதிகம் தின்பது அது இளசாக இருக்கும்போதுதான். முற்றிய இலை தடித்துவிடும், பல்லுக்கு எளிதில் அகப்படாது. அதனால் பல மரங்கள், இலை தடிக்கும்வரை அதில் பச்சையத்தையும் தழைச்சத்தையும் நிரப்பாமல் தள்ளிப்போடுகின்றன. பூச்சி தின்றாலும் இழப்பு குறைவு. பச்சையாவதைத் தாமதப்படுத்தும் இந்த உத்தியைப் பனாமா காடுகளில் பிலிஸ் கோலி, தாமஸ் கர்சர் ஆகியோர் விரிவாக ஆராய்ந்தார்கள்.

எப்படியானாலும், ஸ்ட்ராபெரியோ மாவோ ரோஜாவோ, கொழுந்து சிவந்திருந்து ஓரிரு வாரத்தில் பச்சையாக மாறினால் அது நலமாக இருக்கிறது.

பழுப்பின் சிவப்பு

நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் வாதாங்கொட்டை மரம் இல்லாத மைதானம் குறைவு. அந்த மரம் இலை உதிர்க்கும் முன் சிவக்கும். சில இலைகள் பாதி பச்சையும் பாதி செந்தூரமுமாகக் காற்றில் சுழன்று விழும். மேல்நாடுகளில் மேப்பிள் மரங்கள் சிவப்பதைப் பார்க்கச் சுற்றுலா போகிறார்கள். அங்கே நடப்பதும் வாதாம் மரத்தில் நடப்பதும் ஒன்றுதான்.

இலையை உதிர்க்கத் தீர்மானித்ததும் மரம் பச்சையத்தைப் பிரித்து அகற்றி, இலையின் புரதங்களில் இருந்த தழைச்சத்தில் கணிசமான பங்கைக் கிளைக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. கிழ இலை தன் சொத்தை அடுத்த தலைமுறைக்கு எழுதிவைத்துவிட்டுத்தான் விழுகிறது. இந்த மாற்றலுக்குச் சில நாட்கள் ஆகும். அதுவரை பட்டறை வெயிலில் கருகாமல் இருக்கச் சிவப்புத் திரை உதவுகிறது என்பது வலுவான ஒரு கருத்து. பூச்சிகளுக்கு விடுக்கும் எச்சரிக்கை அது என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. விவாதம் இன்னும் நடக்கிறது.

ஸ்ட்ராபெரியிலும் அடியில் ஒன்றிரண்டு இலைகள் சிவந்து காய்வது இந்த வகைதான். கிள்ளி எடுத்துவிட்டால் போதும்.

நடு இலை சிவந்தால்

பழுக்க வேண்டிய காலம் வராமலே இலை நிறம் மாறினால், அண்ணாச்சியின் கேள்வி இன்னும் முக்கியமாகிறது.

தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, மக்னீசியம் ஆகியவை செடிக்குள் நடமாடக் கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி அவற்றை முதிர்ந்த இலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்குக் கொடுக்கும். அதனால் குறை முதலில் அடி இலையில் தெரியும். இரும்பும் துத்தநாகமும் அவ்வளவு எளிதாக நகராதவை. அவை குறைந்தால் கொழுந்துதான் முதலில் வெளிறும்.

சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலில் மக்காச்சோளப் பயிர் இளசாக இருக்கும்போது தண்டும் இலையோரமும் ஊதா பாய்ந்தால், மணிச்சத்து எட்டவில்லை என்று சந்தேகிக்கலாம். மணிச்சத்து இல்லாமல் இலையில் உண்டான சர்க்கரை வேகமாக வெளியேற முடியாது. தேங்கிய சர்க்கரையே ஆந்தோசயனின் தயாரிப்பைத் தூண்டிவிடுகிறது. பருத்தியில் நரம்பு பச்சையாகவே இருந்து இடைப்பகுதி சிவந்தால் மக்னீசியக் குறை. அதற்கு மக்னீசியம் சல்பேட்டுடன் யூரியாவும் துத்தநாக சல்பேட்டும் கலந்து இலைவழியாகத் தெளிக்கச் சொல்கிறார்கள் வேளாண் அறிஞர்கள். ஆனால் சிவப்பு இலையோரத்தில் தொடங்கி, விளிம்பு கீழ்நோக்கிச் சுருண்டிருந்தால் உரத்தைத் தொடாதீர்கள். இலையைத் திருப்பிப் பாருங்கள், தத்துப்பூச்சி இருக்கலாம்.

எலுமிச்சையில் இலை வெளுத்தால் அண்ணாச்சி செய்யும் சோதனை மிக எளியது. நடுநரம்பை ஒட்டி இலையை மடிப்பார். இரண்டு பாதியிலும் மஞ்சள் ஒரே மாதிரி, ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினால் அது பெரும்பாலும் துத்தநாகக் குறை. ஒரு பக்கம் ஒரு கோலம், மறுபக்கம் வேறு கோலம் என்று திட்டுத் திட்டாக இருந்தால் ‘கிரீனிங்’ என்ற பாக்டீரியா நோயாக இருக்கலாம். சின்னஞ்சிறு சாறுண்ணிப் பூச்சி பரப்பும் நோய் அது. தெளிப்புரம் அதைத் தீர்க்காது. மடிக்கத் தெரிந்த கை ஒரு தோட்டத்தைக் காப்பாற்றும்.

சிற்றாற்றுப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு பூவும் நெல் விளையும் வயல்களுக்கு, பச்சையின் அடர்த்தியை எண்ணிட்ட பட்டைகளாகக் காட்டும் ‘இலை வண்ண அட்டை’ இருக்கிறது. காலை 8 முதல் 10 மணிக்குள், முழுதாக விரிந்த மேல் இலையை, நம் உடல் நிழலில் வைத்து அட்டையோடு ஒப்பிட வேண்டும். 10 இலைகளில் 6 அல்லது அதற்கு மேல் குறிப்பிட்ட பச்சைக்குக் கீழே வெளிறியிருந்தால் மட்டுமே யூரியா. பொன்னி போன்ற ரகங்களுக்கு அட்டையில் 3, மற்றவற்றுக்கு 4 என்பது தமிழ்நாட்டில் வழங்கும் அளவு. பயிர் குட்டையாகி, இலை நுனியிலிருந்து ஆரஞ்சு மஞ்சளாக மாறி, அதுவும் வயலில் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் அது துங்ரோ என்ற நச்சுயிரி நோயாக இருக்கலாம். விடியற்காலை 6 மணிக்கு முன் இலையைப் பறித்து அயோடின் கரைசலில் முக்கிப் பார்ப்பார்கள். நோயுற்ற இலையில் மாவுச்சத்து வெளியேறாமல் தேங்கியிருப்பதால் கருநீலக் கோடு விழும். யூரியா போட்டு இதை ஆற்ற முடியாது.

மாடித் தொட்டியில் நடந்தது

அண்ணாச்சி சொன்னபடி எங்கள் செடியைக் குனிந்து பார்த்தோம். கொழுந்து பச்சை. சிவப்பு அடி இலைகளில். கொஞ்சம் நடு இலைகளிலும் ஏறியிருந்தது. புள்ளி இருக்கிறதா என்று தேடினோம். வெள்ளை நடுவும் ஊதா விளிம்புமாகக் கண்போலப் புள்ளிகள் இருந்தால் அது பூஞ்சை தரும் இலைப்புள்ளி நோய். அப்படி ஒன்றும் இல்லை. குளிரிலும் ஸ்ட்ராபெரி சிவக்கும். மகாபலேஸ்வரத்திலோ கொடைக்கானலிலோ மார்கழியில் அது சகஜம். ஆடி மாதத்து இலஞ்சியில் அந்தக் காரணம் பொருந்தாது.

மகள் தொட்டியைச் சாய்த்தாள். அடியில் இருந்த துளை மண்ணில் அடைபட்டிருந்தது. மூன்று வாரச் சாரலும் உள்ளேயே நின்றிருந்தது. மண்ணில் மணிச்சத்து இல்லாமல் போகவில்லை. மூச்சுவிட முடியாத வேர் அதை எடுக்க முடியாமல் தவித்திருக்கிறது. ஒரு வேரை நீளவாக்கில் கீறிப் பார்த்தோம். நடுப்பகுதி வெண்மையாக இருந்தது. அது சிவந்திருந்தால் வேரழுகல் நோய் என்று செடியையே தூர எறிந்திருப்போம். என்ன உரம் என்று கேட்ட நான் அன்று உரம் போட்டிருந்தால், தவித்த வேரை உப்பில் ஊறவைத்திருப்பேன்.

துளையைத் திறந்து, மணல் கலந்த புதுமண்ணில் மாற்றி வைத்தோம். சிவந்த இலைகள் பச்சையாகவில்லை, ஒவ்வொன்றாக உதிர்ந்தன. அடுத்து வந்த இலைகள் பச்சையாக வந்தன.

புரட்டாசியில் செடி ஓடுதண்டு விட்டது. அதுவும் சிவப்பு. மகள் பதறி ஓடிவந்தாள். “கொழுந்தா, அடி எலயா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தண்டைப் பார்த்தவள், மெல்ல அதைப் புரட்டினாள். வெயிலைப் பார்த்த பக்கம் மட்டும் சிவப்பு. தரையைப் பார்த்த பக்கம் இளம்பச்சை.

“வெயிலுக்குத்தான்பா,” என்று சொல்லிவிட்டு, தண்டைப் பழையபடி வைத்துவிட்டுப் போனாள்.