ஒருநாள் சிவந்து மறுநாள் தெளிந்தால்?

மூத்திரம் ஒருநாள் சிவப்பாகப் போகிறது. வலியில்லை, எரிச்சலில்லை. மறுநாள் பழையபடி தெளிந்துவிடுகிறது. "சூடு பிடிச்சிருக்கும்" என்று மல்லித் தண்ணி குடித்துவிட்டு மலைக்குப் போய்விடுகிறீர்கள். சிறுநீரகப் புற்றுநோய் நம் கையை விட்டு நழுவுவது பல வேளை இந்த இடத்தில்தான்.

தானாக நின்றுவிட்டதே, பிறகென்ன? சிறுநீரகத்தில் வளரும் கட்டி விட்டுவிட்டுக் கசியும். ஒருநாள் கசிந்து, வாரக்கணக்கில் சும்மா இருக்கும். நின்றதால் ஆறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. ஒரே ஒரு தடவை வந்தாலும் காட்ட வேண்டும். இப்படி வருகிறவர்களில் பலருக்குக் கல்லோ கிருமியோதான் காரணமாக இருக்கும். அதையும் பார்த்தால்தானே தெரியும்?

பீட்ரூட் சாப்பிட்டாலும் சிவக்குமே? சிவக்கும். நுவரெலியாப் பக்கம் பீட்ரூட்டுக்குக் குறைவில்லை. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் மாத்திரையும் மூத்திரத்தைச் செம்மஞ்சளாக்கும். அது இரத்தமா, வெறும் நிறமா என்பதைச் சாதாரண மூத்திரப் பரிசோதனையே சொல்லிவிடும்.

நாள் முழுக்கக் கூடை சுமக்கிறவளுக்கு இடுப்பு வலிக்காமல் இருக்குமா, எதை நோய் என்பது? நியாயமான கேள்வி. தசை வலி குனிந்தால், நிமிர்ந்தால் கூடும், படுத்தால் குறையும். சிறுநீரக வலி முதுகுப்புறம், விலா எலும்புக்குக் கீழே, ஒரு பக்கமாக, இரவிலும் விடாமல் இருக்கும். ஆனால் இதை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். ஆரம்பத்தில் இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் வலிப்பதில்லை. இரத்தம், விலாப்பக்க வலி, கைக்குத் தட்டுப்படும் கட்டி ஆகிய மூன்றும் சேர்ந்து வருவது நூற்றில் பத்துப் பேருக்கும் குறைவு. வேறெதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகத் தெரியவருவதுதான் இன்று அதிகம். காரணமில்லாமல் மெலிவது, விடாத காய்ச்சல், சோகை ஆகியவையும் சிலருக்கு வரும்.

கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. மலையில் கழிவறை இல்லாததால் மணிக்கணக்கில் அடக்கி அடக்கி நீர்க்கடுப்பு வருகிறது. அதற்குப் பெண்கள்மேல் பழி போடுவது தவறு. கழிவறை கட்டிக்கொடுப்பது தோட்டத்தின் பொறுப்பு. ஆனால் இந்தப் பழக்கத்தால், இரத்தம் வந்தாலும் "அதே கடுப்புத்தான்" என்று மாத்திரையோடு முடிந்துவிடும். எரிச்சலும் காய்ச்சலும் இல்லாமல் இரத்தம் வந்தால், அல்லது மாத்திரை முடிந்த பிறகும் வந்தால், "ஸ்கேன் எடுக்க வேணுமா?" என்று நீங்களே கேளுங்கள். மாதவிடாய் நாட்களில் கொடுக்கும் மூத்திரம் குழப்பும். அது முடிந்தபின் கொடுங்கள். மாதவிடாய் நின்றுபோன பெண் இரத்தம் கண்டால், எங்கிருந்து வந்தாலும் காட்டியே ஆகவேண்டும்.

அனுராதபுரம் பக்கம் பரவிய கிட்னி வியாதிதானா இது? இல்லை. வடமத்திய மாகாண விவசாயிகளிடம் 1990களிலிருந்து கண்டுவரும் அந்த நோயில் இரண்டு சிறுநீரகங்களும் மெதுவாகச் செயலிழக்கும். புற்றுநோய் பெரும்பாலும் ஒன்றில் மட்டும் கட்டியாக வளரும், மற்றது நன்றாக வேலை செய்யும். இதில் உங்களுக்கு ஒரு முக்கியமான விளைவு இருக்கிறது: கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டாமல் இரத்தத்தில் விட்ட கழிவின் அளவு) சரியாக இருந்தாலும் கட்டி இருக்கலாம். "இரத்தம் பார்த்தாச்சு, கிட்னி நல்லாருக்கு" என்று ஆறுதல்பட்டுவிடாதீர்கள்.

யாருக்கு அதிகம் வரும்? பெண்களைவிட ஆண்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு, அறுபதைத் தாண்டியவர்களுக்குக் கூடுதலாக. புகைப்பவர்கள், உடல் பருத்தவர்கள், பிரஷர் உள்ளவர்கள், குடும்பத்தில் யாருக்காவது வந்தவர்கள், நெடுநாள் டயாலிசிஸ் (இயந்திரத்தால் இரத்தம் சுத்திகரிப்பது) செய்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். பீடியும் புகைதான். பிரஷர் மாத்திரையை விடாமல் போடுங்கள். ரொட்டியிலும் சம்பலிலும் உப்பைக் குறையுங்கள். தேநீர் குடிப்பதால் வருகிறது என்பதற்கு ஆதாரமில்லை.

மருந்தடிக்கிறவர்கள் கேட்பார்கள்: களைக்கொல்லியால் வருமா? கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை இலங்கை 2015இல் தடைசெய்து, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திரும்ப அனுமதித்தது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2015இல் அதை "புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற வகையில் சேர்த்தபோது சுட்டியது நிணநீர்ப் புற்றுநோயை, சிறுநீரகத்தை அல்ல. அதற்காகக் கையுறையும் முகமூடியும் இல்லாமல் தெளிக்கலாம் என்றாகாது.

எங்கே போவது? முதலில் தோட்ட ஆஸ்பத்திரியில் மூத்திரம் பாருங்கள். அங்கே வசதி இல்லையென்றால் கடிதம் வாங்கிக்கொண்டு டிக்கோயாவுக்கோ நுவரெலியா ஆஸ்பத்திரிக்கோ போங்கள். அடுத்தது அல்ட்ராசவுண்ட் (ஒலியலையால் வயிற்றுக்குள் பார்க்கும் ஸ்கேன்). அதில் சந்தேகம் வந்தால் சிடி ஸ்கேன். அறுவைச் சிகிச்சைக்குக் கண்டி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பலாம். புற்றுநோய்க்கென்றே இருக்கும் அபேக்ஷா ஆஸ்பத்திரி மஹரகமவில் உள்ளது.

ஒரு நாள் பேர் (நாள் சம்பளம்) போகுமே, செலவாகுமே என்று தோன்றும். அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியத்துக்குக் காசில்லை. பஸ்ஸும் சாப்பாடும், சில வேளை வெளியே செய்யச் சொல்லும் பரிசோதனையும்தான் செலவு. பெரிய செலவு வந்தால் ஜனாதிபதி நிதியத்தில் மருத்துவ உதவி கேட்க வழியுண்டு. பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, பழைய ஸ்கேன் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போவது நல்லது. சொன்னது பாதி புரிந்த நிலையில் தலையாட்டிவிட்டு வருவது நம்மில் பலருக்குப் பழக்கம்.

கத்தி பட்டால் பரவிவிடும் என்கிறார்களே? இந்தப் புற்றுநோயில் குணப்படுத்தும் முக்கிய வழியே கத்திதான். கட்டி 4 சென்டிமீட்டருக்குள் இருந்தால் முடிந்தவரை அதை மட்டும் வெட்டி, மிச்சச் சிறுநீரகத்தைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். பெரிதாக இருந்தால் நெஃப்ரெக்டமி (சிறுநீரகத்தை முழுதாக எடுப்பது). மற்றது நன்றாக இருந்தால் ஒன்றோடு வாழலாம், டயாலிசிஸ் தேவைப்படாது. பரவிவிட்டால் சுனிட்டினிப் போன்ற மாத்திரைகளும், உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் ஊசிகளும் உண்டு. வழக்கமான கீமோவுக்கு (புற்றணுக்களைக் கொல்லும் மருந்து) பெரியவர்களின் சிறுநீரகப் புற்றுநோய் மசிவதில்லை.

சீக்கிரம் கண்டால் எவ்வளவு வித்தியாசம்? அமெரிக்கக் கணக்கில், சிறுநீரகத்தைத் தாண்டாத நிலையில் கண்டவர்களில் 10 பேரில் 9 பேருக்கு மேல் ஐந்து ஆண்டைக் கடக்கிறார்கள். நுரையீரல், எலும்பு என்று பரவிய பிறகு கண்டவர்களில் ஏறத்தாழ 2 பேர்தான்.

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு திரும்ப வேலைக்குப் போகலாமா? போகலாம். முதல் ஆறு வாரமாவது பாரம் தூக்கக்கூடாது. கூடையும் தண்ணீர்க் குடமும் பாரம்தான். வைத்தியரிடம் கடிதம் வாங்கித் தோட்டத்தில் கொடுத்து, பாரமில்லாத வேலை கேளுங்கள். இடுப்பு வலிக்குக் கடையில் டைக்குளோபினாக் வாங்கிப் போடுவதை அடியோடு நிறுத்துங்கள். மிச்சமிருக்கும் சிறுநீரகத்தை அது கெடுக்கும். பல ஆண்டுகளுக்குத் தவறாமல் ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கும் வருமா? அரிதாக வரும். அது வேறு வகை: வில்ம்ஸ் கட்டி. பெரும்பாலும் ஐந்து வயதுக்குள். குளிப்பாட்டும்போது வயிற்றில் ஒரு பக்கம் கெட்டியாகத் தட்டுப்பட்டால், ஆளாளுக்கு அமுக்கிப் பார்க்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள். பிள்ளைகளுக்குக் கீமோ நன்றாகவே வேலை செய்யும். சரியான சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலானவர்கள் குணமாகிறார்கள்.