மும்முனை மின்செருகி

மும்முனை மின்செருகி என்பது வீட்டு மின்கருவிகளைச் சுவரிலுள்ள சாக்கெட்டுடன் இணைக்கும், மூன்று உலோக முனைகள் கொண்ட இணைப்பான் ஆகும். பேச்சு வழக்கில் இது 'திரீ பின் பிளக்' எனப்படுகிறது. இந்தியாவில் வழங்கும் உருளை முனைப் பிளக், 1934-இல் வெளியான பி.எஸ். 546 என்னும் பிரித்தானியத் தரத்தை ஒட்டி அமைந்தது. இன்று ஐ.எஸ். 1293 என்னும் இந்தியத் தரப்படி 6 ஆம்பியர், 16 ஆம்பியர் என இரு அளவுகளில் இது செய்யப்படுகிறது.

எர்த் முனையின் பணி

கீழுள்ள இரு முனைகள் பேஸ், நியூட்ரல் எனப்படும். மின்னோட்டம் கருவிக்குச் சென்று திரும்புவது இவற்றின் வழியாகவே. மேலுள்ள தடித்த முனை எர்த். அது இல்லாவிட்டாலும் கிரைண்டர் சுற்றும், இஸ்திரிப் பெட்டி சூடாகும். அதனால்தான் பலர் அதை வேண்டாத உறுப்பாக எண்ணி விடுகின்றனர். அதன் வேலை கருவி பழுதாகும் நாளில்தான் தொடங்குகிறது. பேஸ் கம்பியின் உறை தேய்ந்து, கம்பி கருவியின் உலோக உடலைத் தொட்டால், அவ்வுடலில் 230 வோல்ட் மின்னழுத்தம் ஏறிவிடும். எர்த் இணைப்பு சரியாக இருந்தால் அதன் வழியே பெரும் மின்னோட்டம் பாய்ந்து, பியூஸ் எரிந்தோ எம்.சி.பி. விழுந்தோ மின்சாரம் நின்றுவிடும். எர்த் இல்லையெனில் கருவி வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்கும். தொடுபவரின் உடலே மின்சாரம் மண்ணுக்குச் செல்லும் வழியாகும். ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்று மாவு அரைப்பவருக்கு இது உயிராபத்து.

எர்த் முனை மற்றவற்றைவிட நீளமானது. எனவே செருகும்போது முதலில் இணைகிறது, எடுக்கும்போது கடைசியில் விடுபடுகிறது. தடித்திருப்பதால் பேஸ் துளைக்குள் நுழையாது. ஷட்டர் உள்ள சாக்கெட்டுகளில் இம்முனை நுழைந்த பின்னரே கீழ்த்துளைகளின் மூடி திறக்கும். குழந்தைகள் கம்பியோ ஊசியோ நுழைப்பதை இது தடுக்கிறது. இருமுனைச் சார்ஜரைச் செருகுவதற்காக எர்த் துளையில் ஸ்குரூ டிரைவரை விட்டு மூடியைத் திறக்கும் பழக்கம் இந்தப் பாதுகாப்பையே இல்லாமல் செய்கிறது.

பயன்பாடு

6 ஆம்பியர் சாக்கெட் ஏறத்தாழ 1380 வாட் வரை தாங்கும். 2000 வாட் கீசருக்கு 8.7 ஆம்பியர் தேவை. அதை 16 ஆம்பியர் சாக்கெட்டில்தான் இணைக்க வேண்டும். பிரித்தானியாவின் 13 ஆம்பியர் பிளக்கினுள் பியூஸ் உண்டு. இந்தியப் பிளக்கில் பொதுவாக அது இல்லை. ஆகவே பிளக் சூடானாலோ முனை கருத்தாலோ உடனே மாற்றிவிடுவது நல்லது. வயரைப் பிடித்து இழுக்காமல், சுவிட்சை நிறுத்திவிட்டுப் பிளக்கின் உடலைப் பிடித்தே எடுக்க வேண்டும்.

புதுப் பிளக் பொருத்தும்போது பச்சை அல்லது பச்சை-மஞ்சள் கம்பி எர்த்துக்கும், சிவப்பு அல்லது பழுப்பு பேஸுக்கும், கறுப்பு அல்லது நீலம் நியூட்ரலுக்கும் உரியவை. எர்த் கம்பியை மட்டும் சற்று நீளமாக விட்டு இணைப்பது வழக்கம். வயர் இழுபட்டாலும் அது கடைசியாகவே அறுபடும்.