கனக் குவார்க்குகளின் வெப்பச் சமநிலை

கனக் குவார்க்குகளின் வெப்பச் சமநிலை என்பது, சூடான அணுக்கருப் பொருளுக்குள் செல்லும் சார்ம், பாட்டம் குவார்க்குகள் தொடர் மோதல்களால் அப்பொருளின் வெப்பநிலைக்கு ஏற்ற இயக்கத்தை அடைவதாகும். செர்ன் ஆய்வகத்தில் ஈய அணுக்கருக்களை மிக உயர்ந்த ஆற்றலில் மோதவிடும்போது குவார்க்-குளுவான் பிளாஸ்மா என்னும் இப்பொருள் உருவாகிறது. அதன் ஆயுள் சுமார் 3×10⁻²³ நொடி. அதற்குள் கனக் குவார்க் சமநிலையை எட்டிவிடுமா என்பதே கேள்வி.

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் வேர்க்கடலையைச் சூடான மணலில் போட்டு வறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓரிரு மணல் துகள் பட்டதும் கடலை சூடாகிவிடாது; எண்ணற்ற துகள்கள் மேலே பட்டு உரச வேண்டும். பருப்பு பருத்ததாக இருந்தால் நேரமும் கூடும். உவமை இவ்வளவுதான். கடலையில் ஏறுவது உட்சூடு; குவார்க்கில் மாறுவது அதன் ஓட்டம். வேகமாகப் பிறந்த குவார்க் ஆற்றலை இழந்துதான் சமநிலைக்கு வருகிறது.

பிளாஸ்மாவின் வெப்பநிலையை 0.3 கிகா எலக்ட்ரான் வோல்ட் எனக் கொள்வோம். ஒவ்வொரு மோதலும் ஏறத்தாழ அந்த அளவு உந்தத்தையே, ஏதோ ஒரு திசையில், தருகிறது. திசைகள் தாறுமாறாக இருப்பதால் உந்தத்தின் வர்க்கம்தான் மோதல் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூடும். சமநிலையில் அந்த வர்க்கம் நிறையையும் வெப்பநிலையையும் பெருக்கிய அளவில் இருக்கும். ஆகவே தேவையான மோதல்கள், நிறையை வெப்பநிலையால் வகுத்தால் வரும் அளவினவாகும்: சார்முக்கு (நிறை 1.3) சுமார் 4, பாட்டமுக்கு (4.2) சுமார் 14. இவை தோராயம்தான், ஆனால் பாட்டம் மூன்று மடங்குக்கும் மேல் தாமதமாகும் என்பது விளங்கும்.

இதைப் பிரௌனியன் இயக்கமாகக் கொண்டு இழுவையையும் விரவலையும் 1988இல் ஸ்வெடிட்ஸ்கி கணக்கிட்டார். 2007இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தின் ஃபீனிக்ஸ் குழு வெளியிட்ட அளவீடுகள், கனக் குவார்க்குகளும் பிளாஸ்மாவின் ஓட்டத்தோடு இழுபடுவதைக் காட்டின. எளிய கணக்கீடுகள் தந்த மோதல் வலிமை இதற்குப் போதவில்லை. 2011இல் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் சௌமென் தத்தா, ராஜீவ் கவாய் உள்ளிட்டோர் அணிக்கோவைக் கணினிக் கணக்கீட்டில் உந்த விரவல் கெழுவைக் கண்டறிந்தனர். நிறை குறைந்த குவார்க்குகளை விட்டு, குளுவான்களை மட்டும் எடுத்துக்கொண்ட கணக்கு அது. ஆயினும் எளிய கணக்கைவிட விடை வெகுவாக உயர்ந்தே வந்தது.

ஆலிஸ் குழுவின் டி மெசான் அளவீடுகளிலிருந்து சார்மின் சமநிலை நேரம் ஏறத்தாழ 1×10⁻²³ முதல் 3×10⁻²³ நொடி எனக் கிடைக்கிறது. பிளாஸ்மாவின் ஆயுளும் அவ்வளவே என்பதால் சார்ம் விளிம்பில் நிற்கிறது. பாட்டம் முழுமையாகச் சமநிலை அடைவதில்லை. அதனால் தன் பிறப்பின் நினைவை அது ஓரளவு வைத்திருக்கிறது. பாட்டம் குவார்க்கிலிருந்து வரும் மியூயான்களின் நீள்வட்ட ஓட்டம், சார்மிலிருந்து வருபவற்றைவிடக் குறைவாக இருப்பதை அட்லஸ் குழு அளந்துள்ளது.